முப்பதுக்கு மூன்று

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,



உங்கள் கடிதம் கிடைத்தது. மகளைப் பார்க்க மேரிலாந்து போயிருந்தபோது மருமகன் உங்களைப் பால்டிமோர் நகரின் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்துக்கு அழைத்துப்போனதையும், பக்கத்து இருக்கைப் பெரியவர் பேச்சுக் கொடுத்ததையும் எழுதியிருக்கிறீர்கள். ஓரியோல்ஸ் அணி முப்பதுக்கு மூன்று என்று தோற்ற அன்று தானும் அங்கே கடைசிவரை உட்கார்ந்திருந்ததாக அவர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தமே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். “ஜெயித்த நாளைச் சொல்லிக்கொள்ளலாம். மானம் போன நாளை யாராவது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்களா?” என்பது உங்கள் கேள்வி.

சொல்வார்கள் ஐயா. பேஸ்பால் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் முதலில் கிளம்புகிற பேச்சே பெரும்பாலும் அதுதான். ஏன் என்பதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. உங்களுக்கு மட்டும் எழுதி அனுப்பிவிடாமல் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2007 ஆகஸ்ட் 22. எதிரணி டெக்சஸ் ரேஞ்சர்ஸ், தங்கள் பிரிவில் கடைசி இடத்தில் கிடந்த அணி. அன்று அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள். தற்காலிக மேலாளராக இருந்த டேவ் ட்ரெம்ப்ளி அடுத்த ஆண்டும் தொடர்வார் என்று ஓரியோல்ஸ் நிர்வாகம் அறிவித்ததும் அதே நாளில்தான். முதல் மூன்று இன்னிங்ஸ் முடிந்தபோது ஓரியோல்ஸ் மூன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னிலையில் இருந்தது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்த மூன்று ரன்னும் ஆட்டத்தின் தொடக்கத்தில் நல்லபடியாக எடுத்த ரன்கள்.

நான்காவது இன்னிங்ஸில் ரேஞ்சர்ஸ் 5 ரன் எடுத்தது. ஐந்தாவதில் ஒன்றுமில்லை. ஆறாவதில் 9. ஏழாவதில் மறுபடி ஒன்றுமில்லை. எட்டாவதில் 10, ஒன்பதாவதில் 6. கூட்டிப் பாருங்கள், முப்பது வரும். ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தில் அவர்கள் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. முப்பதும் நான்கே இன்னிங்ஸில் வந்தவை. பேட்டிங் வரிசையின் அடியில் இறங்கிய ஜாரட் சால்டலமாக்கியா, ரமோன் வாஸ்கெஸ் இருவரும் ஆளுக்கு இரண்டு ஹோம் ரன் அடித்து ஆளுக்கு ஏழு ரன் வரக் காரணமானார்கள். மார்லன் பேர்ட் ஆறாவது இன்னிங்ஸிலும் ட்ராவிஸ் மெட்காஃப் எட்டாவதிலும் கிராண்ட் ஸ்லாம் அடித்தார்கள். மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன் அது. ஒரே அடியில் நான்கு ரன். ரேஞ்சர்ஸின் மொத்த ஹிட்கள் 29.

1897இல் சிகாகோ அணி லூயிவில் அணியை 36க்கு 7 என்று தோற்கடித்தது. அதற்குப் பிறகு 110 ஆண்டுகளாக எந்த அணியும் ஓர் ஆட்டத்தில் முப்பது ரன்னைத் தொடவில்லை. 2007க்குப் பிறகும் யாரும் தொடவில்லை. 2020இல் அட்லாண்டா அணி 29 வரை வந்து நின்றது.

நீங்கள் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர். அதனால் ஓர் இடத்தை விளக்கியாக வேண்டும். 2020 டிசம்பரில் அடிலெய்டில் நம் அணியின் இரண்டாவது இன்னிங்ஸ் 36 ரன்னில் முடிந்தது. அதைவிடக் கேவலம் நமக்கு நேர்ந்ததில்லை. ஆனால் அது சட்டென்று முடிந்துவிட்டது. பேட் செய்கிறவர்களின் அவமானத்துக்கு அப்படி ஓர் இரக்கம் உண்டு, விக்கெட்டுகள் போனதும் முடிந்துவிடும். பேஸ்பாலில் பெரிய அவமானம் பீல்டிங்கில் நிற்கும்போது வருகிறது. அங்கே ஆட்டத்தை முடித்துவைக்கும் கடிகாரம் கிடையாது, ஓவர் கணக்குக் கிடையாது, டிக்ளேர் செய்ய வழியும் கிடையாது. மூன்று பேரை அவுட்டாக்கும்வரை எதிரணி அடித்துக்கொண்டே இருக்கும். சிறுவர் ஆட்டங்களில் வித்தியாசம் இத்தனை ரன்னைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். மேல்மட்டத் தொழில்முறை ஆட்டமான மேஜர் லீகில் அந்தக் கருணை இல்லை. அடி வாங்குகிறவன்தான் அந்த அடியை முடித்துவைக்கவும் வேண்டும். தன் கையால் மூன்று அவுட் எடுத்தால்தான் அவன் மைதானத்தை விட்டு உள்ளே போக முடியும்.

எட்டாவது இன்னிங்ஸின் நடுவில் பந்து வீச வந்தவர் பால் ஷூயி. இடுப்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2003க்குப் பிறகு ஆடவே முடியாமல் கிடந்து, அந்த ஆண்டுதான் திரும்பி வந்தவர். அவர் வீசிய இரண்டு இன்னிங்ஸில் 9 ரன் போனது. இரவில் இன்னோர் ஆட்டம் பாக்கி இருக்கிறது, அதற்கு ஆள் வேண்டும். ஆகவே யாராவது ஒருவர் நின்று இதை முடித்தாக வேண்டும். அவர் நின்றார், ஆறு அவுட்டும் எடுத்துக் கொடுத்தார். அந்த சீசனோடு அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்துபோயிற்று. முப்பது ரன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஷூயியைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேச வேண்டும் என்பது என் ஆசை.

இரண்டாவது ஆட்டத்தையும் ஓரியோல்ஸ் தோற்றது, 9க்கு 7. அப்படி ஒரு அடி வாங்கிய அதே இரவில் மறுபடி இறங்கி, இரண்டே ரன் வித்தியாசத்துக்கு மல்லுக்கட்டி இருக்கிறார்கள். வேறு எந்த நாளாக இருந்தாலும் மறுநாள் பேச்சு இதைப் பற்றித்தான் இருந்திருக்கும். இதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை.

அந்தப் பெரியவர் இந்த அணியின் பழைய கதையைச் சொன்னாரோ என்னவோ. பால்டிமோர் ஓரியோல்ஸ் 1954இல் செயின்ட் லூயிஸிலிருந்து பெயர்ந்து வந்த அணி. அங்கே அதன் பெயர் பிரவுன்ஸ். 1950 ஜூன் 8 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸிடம் பிரவுன்ஸ் 29க்கு 4 என்று தோற்றது. ஊர் மாறி, பெயர் மாறி, இரண்டு தலைமுறை ஆட்டக்காரர்கள் வந்துபோன பிறகு, அதைவிடப் பெரிய அடியும் அதே வம்சத்துக்குத்தான் வாய்த்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் பார்த்தவரை ரசிகர்கள் மறக்காத தோல்விகள் இரண்டு வகை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிற தோல்வி ஒன்று. தலைநிமிர முடியாதபடி அடிவாங்குகிற தோல்வி மற்றது. முதல் வகைதான் ‘பெரிய’ தோல்வி என்று எழுதப்படுகிறது, புத்தகமாகிறது, படமாகிறது. ஆனால் முதல் வகையில்தான் ரசிகர்கள் மிகக் கொடியவர்களாகிறார்கள். காரணம், அங்கே ஒரு கணம் இருக்கிறது, அந்தக் கணத்தில் ஓர் ஆள் நிற்கிறான். ஊரே தன் துக்கத்தை அவன் தலையில் இறக்கி வைத்துவிட முடிகிறது.

1986 அக்டோபர் 25, நியூயார்க்கின் ஷே மைதானம். கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். ரெட் சாக்ஸ் மூன்று ஆட்டம் வென்றிருந்தது, எதிரணியான நியூயார்க் மெட்ஸ் இரண்டு. இதை வென்றால் 1918க்குப் பிறகு முதல்முறையாகப் பாஸ்டனுக்குக் கோப்பை. பத்தாவது இன்னிங்ஸில் 5க்கு 3 என்று முன்னிலை. மெட்ஸின் முதல் இரண்டு பேர் அவுட். இன்னும் ஓர் அவுட் போதும். அப்போது கேரி கார்ட்டர், கெவின் மிட்செல், ரே நைட் மூவரும் வரிசையாக ஹிட் அடித்தார்கள், 5க்கு 4. பந்து வீசிய கால்வின் ஷிரால்டியை எடுத்துவிட்டு பாப் ஸ்டான்லியைக் கொண்டுவந்தார்கள். அவர் வீசிய ஒரு பந்து கேட்சர் கைக்கு அகப்படாமல் விலகி ஓடியது, 5க்கு 5. அதன் பிறகுதான் மூக்கி வில்சன் தட்டிய பந்து தரையோடு உருண்டு வந்து முதல் பேஸில் நின்ற பில் பக்னரின் கால்களுக்கு இடையே போனது. நைட் ஓடி வந்து வெற்றி ரன்னை எடுத்தார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள் ஐயா. பக்னர் பந்தைத் தவறவிட்டபோது ஆட்டம் ஏற்கெனவே சமநிலைக்கு வந்துவிட்டது. அவர் அதைப் பிடித்திருந்தாலும் பாஸ்டன் வென்றிருக்காது, ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். ஏழாவது ஆட்டம் வேறு பாக்கி இருந்தது. அதில் பாஸ்டன் மூன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னிலை எடுத்து, பிறகு 8க்கு 5 என்று தோற்றது. பக்னருக்குக் கணுக்காலில் நெடுநாள் உபாதை. முன்னிலையில் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸ்களில் அவரை எடுத்துவிட்டு டேவ் ஸ்டேபிள்டனை நிறுத்துவது மேலாளர் ஜான் மெக்னமாராவின் வழக்கம். அன்று அவர் அதைச் செய்யவில்லை. இத்தனையும் தெரிந்த ஊர்தான் பாஸ்டன். தெரிந்தும் பக்னரைத்தான் பிடித்துக்கொண்டது. 22 சீசன்கள் ஆடியவர், 2,715 ஹிட் அடித்தவர், 1980இல் நேஷனல் லீகின் பேட்டிங் சராசரியில் முதலிடம் பிடித்தவர், அந்த 1986லேயே 102 ரன் வரக் காரணமானவர். அத்தனையும் ஓர் உருண்ட பந்துக்குப் பின்னால் மறைந்துபோயின. வசை தாங்காமல் பிற்பாடு குடும்பத்தோடு ஐடஹோ பக்கம் போய்விட்டார்.

2004இலும் 2007இலும் கோப்பை வந்த பிறகு, 2008 ஏப்ரலில் சீசனின் முதல் உள்ளூர் ஆட்டத்தன்று அவரை ஃபென்வே மைதானத்துக்கு அழைத்து முதல் பந்தை வீசச் செய்தார்கள். மைதானமே எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பலருக்கு அது மனம் நெகிழும் காட்சி. எனக்கும் நெகிழ்ச்சிதான், ஆனால் கோபமும் உண்டு. இரண்டு கோப்பை கைக்கு வந்த பிறகு மன்னிப்பது என்ன மன்னிப்பு? மன்னிக்க வேண்டியிருந்தவர் அவர்தான். ஊடகங்களை மனத்தளவில் மன்னிக்க வேண்டியிருந்தது என்று அன்று அவரே சொன்னார். 2019 மே மாதம் காலமானார்.

சிகாகோவில் நடந்தது இன்னும் மோசம். 2003 அக்டோபர் 14. கப்ஸ் அணி உலகத் தொடருக்குப் போக ஐந்தே அவுட் பாக்கி, மூன்றுக்குப் பூஜ்யம் முன்னிலை. எல்லைக்கு வெளியே இறங்கிய ஒரு பந்துக்குக் கூட்டத்தில் பலர் கை நீட்டினார்கள். ஒருவருடைய கையில் அது பட்டது. கப்ஸ் ஆட்டக்காரர் மொய்ஸஸ் அலூவால் அதைப் பிடிக்க முடியவில்லை. பிறகு அதே இன்னிங்ஸில் ஃபுளோரிடா மார்லின்ஸ் 8 ரன் எடுத்தது. இடையில் கப்ஸின் ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் கொன்சாலஸ் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டார். இரண்டு அவுட் எடுத்து இன்னிங்ஸையே முடித்திருக்கக்கூடிய பந்து அது. ஊர் அதை விட்டுவிட்டு, இருக்கையில் உட்கார்ந்திருந்த ரசிகரைத் தேடியது. காவலர்கள் அவரைச் சூழ்ந்து வெளியே கொண்டுபோக வேண்டிவந்தது. அவர் பெயரை நான் எழுத மாட்டேன். சம்பளம் வாங்கி ஆடுகிறவரல்ல, டிக்கெட் வாங்கிப் பார்க்க வந்தவர். அந்தப் பந்தை லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்து, மறு ஆண்டு பலர் கூடிப் பார்க்க வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2016இல் கப்ஸ் கோப்பை வென்ற பிறகு அணி நிர்வாகம் அவருக்கு ஒரு சாம்பியன் மோதிரம் அளித்தது. அது நல்ல காரியம், பதின்மூன்று ஆண்டு தாமதம்.

இவற்றோடு முப்பதுக்கு மூன்றை வைத்துப் பாருங்கள். அன்று பந்து வீசியவர்கள் நான்கு பேர். டேனியல் கப்ரேரா 6 ரன், பிரையன் பர்ரஸ் 8, ராப் பெல் 7, ஷூயி 9. இதில் யாரைப் பிடித்து உலுக்குவது? எந்தப் பந்தைத் தடுத்திருந்தால் ஆட்டம் தப்பியிருக்கும்? ஆயிரம் தடவை யோசித்தாலும் ‘அது மட்டும் நடக்காதிருந்தால்’ என்று சொல்ல ஓர் இடம் அகப்படாது. அந்த நால்வரில் யார் பெயரும் பக்னர் பெயர்போல் வசைச்சொல்லாகவில்லை. மொத்த அணியும் தோற்றது, முழுசாகத் தோற்றது. அந்தத் தோல்வியில் எல்லோருக்கும் பங்கு உண்டு, கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் சேர்த்து. அந்தப் பெரியவரின் பெருமை இங்கேயிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். யாரையும் பழிக்காமல் சொல்ல முடிகிற தோல்விக் கதை அது. அதைச் சொல்லும்போது அவர் தன் அணியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, தான் எழுந்து போகாததையும் சேர்த்துச் சொல்கிறார்.

பால்டிமோருக்கு இது 2007இல் வந்த குணம் இல்லை. அந்த ஊரைப் புரிந்துகொள்ள 1988க்குப் போக வேண்டும்.

1983இல் உலகத் தொடரை வென்ற அணி ஓரியோல்ஸ். அடுத்த ஆண்டு மார்ச் மாதம், பனி பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான கோல்ட்ஸ் தன் தட்டுமுட்டுச் சாமான்களை மேஃப்ளவர் நிறுவனத்தின் லாரிகளில் ஏற்றிக்கொண்டு இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டது. விடிந்தபோது ஊருக்கு அணி இல்லை. ஓரியோல்ஸும் இப்படி ஒரு நாள் கிளம்பிவிடுமோ என்கிற பயம் அதிலிருந்து ஊரைப் பிடித்துக்கொண்டது. உரிமையாளர் எட்வர்ட் பென்னட் வில்லியம்ஸ் வாஷிங்டனின் பெரிய வழக்கறிஞர். அணியைத் தன் ஊருக்கே கொண்டுபோய்விடுவார் என்று பலர் நம்பினார்கள்.

இந்தப் பயத்தின் நடுவில் 1988 சீசன் தொடங்கியது. முதல் ஆட்டம் சொந்த ஊரில், மில்வாக்கியிடம் 12க்குப் பூஜ்யம். அடுத்ததும் தோல்வி. அதற்கடுத்ததும். மேலாளர் கால் ரிப்கன் சீனியர். அவருடைய இரண்டு மகன்களும் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆறு தோல்வியில் அப்பாவை வேலையைவிட்டு நீக்கினார்கள், மகன்கள் தொடர்ந்து ஆடினார்கள். அந்த இடத்துக்கு வந்தவர் ஃபிராங்க் ராபின்சன், 1966இல் இந்த அணிக்கு முதல் கோப்பை வாங்கிக் கொடுத்த மகா ஆட்டக்காரர். அவர் வந்தும் தோல்வி நிற்கவில்லை. சீசன் தொடக்கத்தில் தொடர்ந்து 13 தோல்வி என்பதுதான் அதுவரை மேஜர் லீகின் மோசமான கணக்கு. ஓரியோல்ஸ் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அணி ஜெயிக்கும்வரை ஒலிபரப்பை விட்டு எழுந்திருப்பதில்லை என்று உள்ளூர் வானொலியின் பாப் ரிவர்ஸ் உட்கார்ந்துவிட்டார். ஜெயிக்க 258 மணி நேரம் ஆனது. வெள்ளை மாளிகையிலிருந்து அதிபர் ரேகன் ராபின்சனைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். தொடர்ந்து 21 தோல்விக்குப் பிறகு, ஏப்ரல் 29 அன்று சிகாகோவில் ஒயிட் சாக்ஸை 9க்குப் பூஜ்யம் என்று வென்றார்கள். அடுத்த இரண்டும் மறுபடி தோல்வி.

ஆக ஒரு வெற்றி, 23 தோல்வி. அந்தக் கணக்கோடு மே 2 அன்று அணி ஊர் திரும்பியது. அது ஒரு திங்கட்கிழமை. மெமோரியல் மைதானத்துக்கு அன்று வந்தவர்கள் 50,402 பேர்.

எனக்கு இந்த எண்ணை எழுதும்போதெல்லாம் மயிர்க்கூச்செறியும் ஐயா. கோப்பையோடு வரும் அணியை வரவேற்க ஐம்பதாயிரம் பேர் வருவது இயல்பு. பேஸ்பால் வரலாற்றிலேயே மோசமான தொடக்கத்தோடு வரும் அணிக்கு, வேலை நாளின் இரவில், அத்தனை பேர் வந்து எழுந்து நின்று கத்தினார்கள். ரசிகர்களுக்கான இரவு என்று அணி நிர்வாகம் ஏற்பாடு செய்ததுதான் அது. ஆனால் ஏற்பாடு செய்தால் மட்டும் ஐம்பதாயிரம் பேர் வந்துவிட மாட்டார்கள். புதிய மைதானத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்கு வில்லியம்ஸ் ஒப்புக்கொண்டார் என்ற அறிவிப்பும் அன்று அங்கேயே வந்தது. அணி ஊரைவிட்டுப் போகாது. நீங்கள் உட்கார்ந்து பார்த்தீர்களே, 1992இல் திறந்த அந்தக் கேம்டன் யார்ட்ஸ்தான் அந்த மைதானம். அன்றைய ஆட்டத்தில் ஓரியோல்ஸ் ஜெயித்தது. எதிரணி அதே டெக்சஸ் ரேஞ்சர்ஸ்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். அந்த ஆண்டு 107 ஆட்டம் தோற்றார்கள். 1989இல் 87 வெற்றியோடு கடைசி வாரம்வரை முதலிடத்துக்குப் போராடி, டொரொண்டோவில் கோட்டைவிட்டார்கள். 1998 முதல் 2011 வரை பதினான்கு ஆண்டு தொடர்ந்து வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். முப்பதுக்கு மூன்று இந்தப் பதினான்கின் நடுவில் வருகிறது.

பாஸ்டனுக்கு, பேப் ரூத் என்ற ஆட்டக்காரரை விற்றதால் வந்த சாபம், சிகாகோவுக்கு, ஓர் ஆட்டை மைதானத்துக்குள் விடாததால் வந்த சாபம் என்று பத்திரிகைகள் பல்லாண்டு எழுதின. எனக்கு இந்தக் கதைகள் பிடிக்காது. நிர்வாகத்தின் தவறுக்கு விதியின் மேல் பழியைப் போடுவதற்கு அவை வசதி செய்து கொடுக்கின்றன. பால்டிமோரில் அந்த மாதிரிக் கதை எதுவும் வேரூன்றவில்லை. மோசமான அணி, அதனால் தோற்றது என்று நேராகச் சொல்கிறார்கள். முப்பது ரன் வாங்கிய பிறகு வேறு எப்படிச் சொல்ல முடியும்?

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். 2019இல் ஓரியோல்ஸ் 108 ஆட்டம் தோற்றது, 2021இல் 110. அந்த 2021 ஆகஸ்டில் மட்டும் தொடர்ந்து 19 தோல்வி. இவை 1988இன் தோல்விகள் மாதிரி அல்ல. விலையுயர்ந்த ஆட்டக்காரர்களை விற்று, சம்பளச் செலவைக் குறைத்து, தோற்றால் அடுத்த ஆண்டு நல்ல இளைஞர்களைத் தேர்ந்தெடுக்க முன்னுரிமை கிடைக்கும் என்று கணக்குப் போட்டு நடத்திய ஆண்டுகள். கணக்குப் பலித்தது, 2023இல் 101 வெற்றி. இருந்தாலும் இதை என்னால் ஏற்க முடியவில்லை. தோற்றாலும் கூட இருப்போம் என்று ஒரு ஊர் சொல்லும்போது, ஆடுகிறவர்கள் ஜெயிக்கத்தான் இறங்குகிறார்கள் என்கிற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. ஷூயி அந்த இரண்டு இன்னிங்ஸை வீசும்போது ஒவ்வொரு பந்தையும் அவுட் எடுக்கத்தான் வீசினார். மேலே உட்கார்ந்திருப்பவர்களே தோல்வியைத் திட்டம் போட்டு வாங்கும்போது, மைதானத்தில் உட்கார்ந்திருப்பவரின் பொறுமையைக் காசாக்குகிறார்கள். ஆட்டக்காரர்கள் மேல் எனக்குக் குறையில்லை, அவர்கள் அப்போதும் உயிரைக் கொடுத்துத்தான் ஆடினார்கள்.

கடிதத்தின் கடைசியில் பேரனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பால்டிமோர் பக்கத்திலேயே பிறந்த பையன், ஓரியோல்ஸ்தான் என் அணி என்கிறான். மருமகனோ நியூயார்க் யாங்கீஸ் ரசிகர், ஜெயிக்கிற அணியைப் பிடித்துக்கொள் என்று அவனை இழுக்கிறார். நீங்கள் யார் பக்கம் பேசுவது என்கிறீர்கள்.

மருமகனிடம் 2004ஐப் பற்றிக் கேளுங்கள். அதுவரை 26 கோப்பை வென்றிருந்த யாங்கீஸ் அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று தன் சொந்த மைதானத்தில் கிளீவ்லாந்திடம் 22க்குப் பூஜ்யம் என்று தோற்றது. அந்த அணியின் வரலாற்றில் அதைவிடப் பெரிய தோல்வி இல்லை. அதற்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, லீக் இறுதிச் சுற்றில் ரெட் சாக்ஸுக்கு எதிராக முதல் மூன்று ஆட்டத்தையும் வென்றுவிட்டு அடுத்த நான்கையும் வரிசையாகத் தோற்றது. அப்படித் தோற்ற அணி அதற்கு முன் பேஸ்பாலில் இல்லை. அந்த நான்காவது தோல்வி அக்டோபர் 20 அன்று, யாங்கீ மைதானத்திலேயே, 10க்கு 3. மருமகனுக்கு அந்த இரவு மறந்திருக்காது. ஜெயிக்கிற அணி என்று எதைக் காட்டினாலும் பையன் ஒரு நாள் இப்படி ஓர் இரவைப் பார்க்கத்தான் போகிறான். அன்று அவனோடு சேர்ந்து உட்கார்ந்திருக்க ஊர்க்காரர்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது. அதனால் அவன் பக்கம் பேசுங்கள். 2012 அக்டோபர் 5 அன்று, பதினான்கு வருட வறட்சிக்குப் பின் ஓரியோல்ஸ் ஆடிய முதல் நாக்-அவுட் ஆட்டத்தில் டெக்சஸ் ரேஞ்சர்ஸை அதன் சொந்த மைதானத்திலேயே 5க்கு 1 என்று வென்றது. அதையும் அவனுக்குச் சொல்லுங்கள். 2023இல் அதே ரேஞ்சர்ஸ் ஓரியோல்ஸை மூன்று ஆட்டத்திலும் வென்று வெளியே அனுப்பியதை அவனே உங்களுக்குச் சொல்வான்.